வண்டி நிற்கவில்லை

கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பின்னால் அப்போது பெரிய மைதானம் ஒன்று இருந்தது. அதில் ஓலைப் பந்தல் போட்டு, தேங்காய் நார்ப் பாய் விரித்து, ஐந்து மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இரண்டு கறுப்பு, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று வெள்ளி நிறம். சுற்றிலும் கயிறு. கயிற்றுக்கு வெளியே நாங்கள்.

புது ரப்பர் வாசனையும் பெட்ரோல் வாசனையும் பக்கத்தில் வேர்க்கடலை வறுக்கும் வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தன. கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி வெள்ளி வண்டியின் டாங்கைத் தொட்டேன். நான்கு வருடம் இரும்பு ஆலையில் காய்த்துப்போன உள்ளங்கைக்குச் சூடும் தெரியாது, குளிர்ச்சியும் தெரியாது. அதனால் புறங்கையால்தான் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"தொடாதப்பா, ரேகை படியுது!" என்று காவலுக்கு நின்றவர் அதட்டினார்.

"பொறங்கைல ரேகை ஏதுண்ணா?" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். மாசி மாதமாக இருக்கலாம், வெயில் இன்னும் கடிக்க ஆரம்பிக்கவில்லை. சில வாரங்களுக்கு முன் இதே தொடரில் இந்தக் கண்காட்சியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஓட்டிக் காட்டும்போது வண்டி பாதியில் நின்றுபோனது, நான் பதறாமல் இறங்கித் தள்ளியே அதைக் கிளப்பினேன், அதைப் பார்த்துத்தான் எனக்கு மெக்கானிக் வேலை கொடுத்தார்கள் என்று. பாராட்டிக் கடிதங்கள் வந்தன. தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் அதை வகுப்பில் படித்துக் காட்டினாராம்.

அந்தக் கடிதத்தை என் மனைவி எஸ்தருக்குப் படித்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எழுது எழுது, இன்னும் நல்லா எழுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஐம்பது வருடத்துக்குப் பக்கமாக அவளோடு குடும்பம் நடத்துகிறவன் நான். அந்த 'நல்லா'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அதனால் இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டி நிற்கவில்லை. நான் இறங்கியபோது என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

புளியமரத்திலிருந்து பம்ப்செட் வரை

ஏன் இறங்கினேன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊருக்கு ஒரு நடை போய்வர வேண்டும். கவரைப்பேட்டையிலிருந்து மேற்கே வண்டிப்பாதையில் போனால் வரும் ஊர். எங்கள் தெரு கடைசியில். அங்கே போக வேறு வழி கிடையாது, பெரிய வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பெரிய வீடு என்றால் நிலக்காரர் வீடு. என் அப்பா, அவருடைய அப்பா எல்லாரும் அந்த வீட்டு நிலத்தில்தான் கூலிக்கு இறங்கினவர்கள். வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரம், அந்தப் பக்கம் பம்ப்செட் கொட்டகை. எங்கள் தெரு ஆட்கள் சைக்கிளில் வந்தால் புளியமரத்தடியில் இறங்கிவிட வேண்டும். பம்ப்செட் வரை தள்ளிக்கொண்டு போய், பிறகு ஏறிக்கொள்ளலாம்.

இறங்கு என்று நிலக்காரர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய வேலையை அவருடைய தாத்தாவே முடித்துவிட்டுப் போயிருந்தார். இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தள்ளிக்கொண்டு போகிறவனைப் பார்த்துத் தலையை லேசாக ஒரு தடவை ஆட்டுவார். அவ்வளவுதான்.

ஒரு தடவை அந்தக் குடும்பம் மொத்தமும் கல்யாணத்துக்காக மெட்ராஸ் போயிருந்தது. வாசலில் பூட்டு தொங்கியது. அப்பாவும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் வந்தோம். அப்பா புளியமரத்தடியில் இறங்கினார்.

"ஊடு பூட்டிக் கீதுப்பா" என்றேன்.

"இருக்கட்டும். கால் பாட்டுக்கு எறங்கிடுச்சி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பூட்டுக்குக்கூடவா மரியாதை என்று கேட்க நினைத்தேன். குனிந்து பார்த்தால் நானும் இறங்கித்தான் நின்றிருந்தேன்.

எஸ்தர் பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். கல்யாணமான புதிதில் அவளைக் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டி வந்தேன். புளியமரம் வந்ததும், கொஞ்சம் இறங்கிக்கொள் என்று கூச்சத்தோடு சொன்னேன். அவள் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"செருப்பு வோணாம், போட்டுக்கினே வா" என்றேன்.

"அப்பிடியா? எங்க ஊர்ல எங்க நைனா செருப்பக் கக்கத்துல வெச்சிக்கினுதான் போவாரு. உங்க ஊரு பரவால்லியே" என்றாள்.

கிண்டல் செய்கிறாளா, உண்மையாகவே சொல்கிறாளா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரே ஒரு ஆள்

கண்காட்சிக்கு வருகிறேன். மூன்று நாள் நடந்தது. மெட்ராஸில் மோட்டார் சைக்கிள் விற்கிற ஒரு கடையைச் சேர்ந்தவர்கள் கும்மிடிப்பூண்டியில் கிளை திறக்கப்போவதாகச் சொன்னார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த நேரம், வண்டி வாங்க ஆள் வரும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கிளைக்கு ஒரு மெக்கானிக் வேண்டும். ஒரே ஒரு ஆள். வண்டியைப் பிரிக்கவும் தெரிய வேண்டும், ஓட்டவும் தெரிய வேண்டும். மூன்றாம் நாள் சோதனை.

எனக்கு இரண்டும் தெரியும். எங்கள் ஆலை சூப்பர்வைசரிடம் ஒரு பழைய வண்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பிரித்துப் பிரித்துக் கோத்தவன் நான்தான். அதற்குப் பதிலாக ஆலைக் காம்பவுண்டுக்குள் ஓட்டிக்கொள்ள விட்டார். சுற்றிச் சுற்றி ஓட்டுவேன். ரோட்டுக்குக் கொண்டுபோனதே இல்லை.

அந்த வேலை எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய மாதம்தான், உலைக்கு முன்னால் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவருக்குக் கண்ணில் பொறி தெறித்து ஒரு கண் போய்விட்டது. என் சட்டைகளில் பொறி விழுந்து விழுந்து சல்லடைக் கண்ணாக ஓட்டை. எஸ்தர் அவற்றைத் தைப்பாள். அந்த விபத்துக்குப் பிறகு தைப்பதை நிறுத்திவிட்டாள்.

"சட்டைய நான் தெச்சிருவேன். கண்ண எவன் தெப்பான்?" என்றாள்.

அன்றைக்குக் காலையில் ஜெபம் செய்துவிட்டு அவளும் என்னோடு கிளம்பினாள். சைக்கிளில் எட்டு மைல். மைதானத்தில் திருவள்ளூரிலிருந்து வந்திருந்த பட்டர் ஒருவர் வண்டிகளுக்குப் பூஜை செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். ஹெட்லைட் கண்ணாடியில் அழகாகத் திருமண் இட்டார். விற்கிற வண்டிக்கு நாமமா என்று மெட்ராஸ் மேனேஜருக்கு முகம் சுருங்கியது. பட்டர் அந்தப் பக்கம் போனதும் துடைக்கச் சொல்லி ஆளுக்குக் கண்ணைக் காட்டினார்.

"நம்ம சைக்கிளுக்குப் பாஸ்டர் ஜெபம் பண்ணாரே, மறுநாளே பஞ்சர் ஆச்சே, ஞாபகம் கீதா?" என்று எஸ்தர் என் காதில் சொன்னாள். எனக்குப் பதற்றம் கொஞ்சம் குறைந்தது.

சுண்ணாம்புக் கோடு

காலையில் கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்துக் கோர்க்கும் சோதனை. எட்டுப் பேர் வந்திருந்தோம், நாலு பேர் தேறினோம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் காதர் பாய். கடையின் பெரிய மெக்கானிக். பெரிய என்றால் வேலையில்தான், என்னைவிட இரண்டு வயது மூப்பு இருந்தால் அதிகம். தேறுகிற ஆள் அவரோடுதான் வேலை பார்க்க வேண்டும். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, கையா தோசக்கல்லா?" என்றார்.

மத்தியானம் ஓட்டும் சோதனை. மைதானத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். கோட்டோடு ஒரு சுற்று. காலைத் தரையில் ஊன்றக் கூடாது, வண்டி நிற்கக் கூடாது. மேனேஜர் தொடக்கத்தில் கொடியோடு நின்றார். எதிர்க் கோடியில் சாமியானா போட்டு, முக்கியஸ்தர்களுக்கு நாற்காலி. அது காலியாகத்தான் கிடந்தது. காதர் பாய் அதன் பக்கத்துத் திருப்பத்தில் நின்றார்.

எனக்கு முன்னால் போன மூன்று பேரில் இரண்டு பேர் திருப்பத்தில் காலை ஊன்றிவிட்டார்கள். ஒருவர் கோட்டைத் தாண்டிக் கடலைக்காரரிடம் போய் நின்றார். கூட்டம் விசிலடித்தது. என் முறை வந்தது. உதைத்தேன், முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. வேலை கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். தப்பில்லை, எனக்கு அந்த வண்டி அவ்வளவு சுலபமாக இருந்தது.

முதல் திருப்பம். இரண்டாவது திருப்பம். காற்று சட்டை ஓட்டைகள் வழியாகப் புகுந்து முதுகில் ஏறியது. அடுத்த திருப்பத்தில் சாமியானா. நிமிர்ந்து பார்த்தேன். நாற்காலி இப்போது காலியாக இல்லை. தாமதமாக வந்து சேர்ந்த தலைமை விருந்தினர் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தங்கக் கம்பிக் கண்ணாடி. எங்கள் ஊர்ப் பெரிய வீட்டு நிலக்காரர்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியவில்லை. வலது கை வேகத்தைக் குறைத்தது. குதிகால் தானாக நியூட்ரலைத் தட்டியது. வண்டி தளர்ந்தது. நான் இறங்கினேன். இறங்கி, ஓடிக்கொண்டிருக்கிற என்ஜினோடு அந்த மோட்டார் சைக்கிளைத் தலை குனிந்து தள்ளிக்கொண்டு அவர் நாற்காலியைக் கடந்தேன். பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். கடந்ததும் ஏறி, கியர் போட்டு, ஓட்டிக்கொண்டு போனேன்.

கடக்கும்போது ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன். அவர் தலையை லேசாக ஒரு தடவை ஆட்டினார்.

கூட்டம் சிரித்தது. ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு என்ன செய்துவிட்டேன் என்பது ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. காது இரண்டும் பற்றி எரிந்தன. மேனேஜரிடம் போய் நிற்கும்வரை அழக் கூடாது, அழக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். கல்யாணமான ஆள், கூட்டத்தில் மனைவி நிற்கிறாள்.

காதர் பாய் சொன்னது

"இன்னாய்யா பண்ணே? ஏன் எறங்குனே?" என்றார் மேனேஜர்.

என்னவென்று சொல்வது? மெட்ராஸ்காரருக்குப் புளியமரத்திலிருந்து ஆரம்பித்தா சொல்ல முடியும்?

அதற்குள் காதர் பாய் மைதானத்தின் குறுக்கே ஓடிவந்து சேர்ந்தார்.

"வண்டி நின்னுபோச்சி சார். பிளக்குல கரி. ஆளு பேஜாராவாம எறங்கித் தள்ளியே ஸ்டார்ட் பண்ணிக்கினான். தொழில் தெரிஞ்சவன் சார்."

வண்டியைக் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்து, தள்ளிக்கொண்டே ஓடி, கிளட்ச்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு நான் செய்தது அப்படித்தான் தெரிந்திருக்கும். ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, என்ஜின் சத்தம் எவருக்கும் கேட்டிருக்காது. ஆனால் காதர் பாய் பத்தடியில் நின்றவர். என்ஜின் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற காது அவருக்கு.

மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருந்தாலும் விதி விதிதான், பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு இன்னொரு சுற்று போய்வரச் சொன்னார். இன்னொரு சுற்று என்றால் அதே நாற்காலி.

காதர் பாய் என் பின்னால் ஏறிக் குந்தினார்.

அந்தச் சுற்றில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன் என்று எழுத எனக்கு ஆசைதான். உண்மை அதுவல்ல. சாமியானா நெருங்கியதும் பாய் என் இரண்டு தோள்களையும் பிடித்துக் கீழே அழுத்தினார். எழுந்திருக்க நினைத்தாலும் முடியாத அழுத்தம். அந்தப் பிடியில்தான் நான் நாற்காலியைத் தாண்டினேன்.

பாயோடு ஆறு வருடம் ஒன்றாக நாஷ்டா தின்று, ஒன்றாகக் கிரீஸ் கழுவி வேலை பார்த்தேன். அன்றைக்கு ஏன் இறங்கினாய் என்று ஒரு நாளும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பொய்யை அவர் எனக்குக் கொடுத்தார், நான் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

வேலை எனக்குத்தான் என்று முடிவு சொன்னார்கள். மாலையைக் கையில் வைத்திருந்த நிலக்காரரிடம் என்னைக் கூட்டிப்போனார்கள்.

"எந்த ஊருப்பா?"

"நம்ம ஊருதாங்க." அப்பா பெயரைச் சொன்னேன்.

"அட, அவன் புள்ளையா நீ!" என்றார். "வண்டி நின்னுபோச்சாமே?"

"ஆமாங்க. நின்னுபோச்சிங்க."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த மைதானத்தில் வண்டி நிற்கவில்லை என்று பாயைத் தவிரத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று அப்போது நினைத்தேன். எனக்குக் கால் தானாக இறங்கியது, அவருக்குத் தலை தானாக ஆடியது. இரண்டு பேரும் அதை மெட்ராஸ்காரருக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. மாலையை என் கழுத்தில் போடாமல் கையில் கொடுத்தார்.

திரும்பும் வழி

கவரைப்பேட்டை வரை எஸ்தர் மாலையை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்து வந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம்.

"வண்டி நிக்கலதான?" என்றாள்.

"நின்னுபோச்சின்னு பாய் சொன்னாரே."

"பொக வந்துகினே இருந்திச்சி. நான் பாத்தேன்."

கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அது முடிந்த பிறகு, "வேலை கெடச்சிடுச்சில்ல எஸ்தரு" என்றேன்.

"கெடச்சிடுச்சி. சந்தோசம்தான்" என்றாள். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னாள். உலைக்கு முன்னால் நான் இனி நிற்க வேண்டாம் என்பதில் அவளைவிட நிம்மதி அடைந்தவர் யாரும் இல்லை. கேட் திறந்தது.

ஊருக்குள் நுழையும்போது பொழுது சாயவில்லை. புளியமரம் வந்தது. பெரிய வீட்டு வாசலில் நாற்காலி காலியாக இருந்தது, அவர் இன்னும் கும்மிடிப்பூண்டியிலேயே இருந்தார். வாசலில் இரண்டு மூன்று பெண்கள். பம்ப்செட் பக்கம் மேஸ்திரி நின்றிருந்தார். அந்த வீட்டு நிலத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர்.

என்னைப் பற்றி இனி பொய் சொல்லப்போவதில்லை. நான் இறங்கினேன். வழக்கம்போல எஸ்தரும் இறங்குவாள் என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அசையவில்லை.

"எறங்கு" என்றேன் மெதுவாக.

"நீ எறங்கினது உன் இஷ்டம். நான் எறங்கல."

"எல்லாரும் பாக்குறாங்க எஸ்தரு."

"பாக்கட்டும். தள்ளு."

அங்கேயே நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. தள்ளினேன். அவள் மாலையை மடியில் வைத்தபடி, முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தாள். செருப்பு காலிலேயே இருந்தது. வாசலில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மேஸ்திரி இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"இன்னாடா தேவா, குந்திக்கினே வருது? பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லியா?"

அதட்டலாகக் கேட்கவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழிவிட்டு ஒதுங்கியிருப்பார். அது எனக்கு உடனே புரிந்தது. ஒரே நாளில் இரண்டாவது தடவையாக எனக்கு ஒரு நல்ல பொய்யை ஒருவர் எடுத்து நீட்டுகிறார். ஆமாண்ணா என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

எஸ்தர் முந்திக்கொண்டாள்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லண்ணா. நல்லாத்தான் கீறேன்."

மேஸ்திரியைச் சுற்றிக்கொண்டு தள்ளினேன். பம்ப்செட் தாண்டியும் நான் ஏறவில்லை, தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனேன். அந்த வாசலில் ஏறி ஓட்ட எனக்குப் பிறகும் ஒரு வருடம் பிடித்தது.

பெரிய வீட்டை எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக உட்கார்ந்தபடி தாண்டிப் போனவள் எஸ்தர்தான். நான் அவளைத் தள்ளிக்கொண்டு போனவன்.